போரை லாரிக்கு விடலாமா? வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்களுக்கு ஓசூர் பக்கம் மூன்று ஏக்கர் புன்செய் இருக்கிறது. போரில் (ஆழ்துளைக் கிணற்றில்) இப்போதைக்குத் தண்ணீர் நன்றாகவே வருகிறது. டேங்கர் லாரி வைத்திருக்கும் ஒருவர், மாதா மாதம் பணம் தருகிறேன், போரை எனக்கு விடுங்கள் என்று கேட்கிறார். தக்காளி விற்கிற விலைக்கு, விட்டுவிடலாம் என்றே தோன்றுகிறது. எங்கள் தண்ணீரை நாங்கள் விற்பதில் என்ன தப்பு?
ஒரு விவசாயி, ஓசூர்

பதில்: சட்டம் பெரும்பாலும் உங்கள் பக்கம்தான். தன் நிலத்துக்கு அடியில் இருக்கும் நீரை எடுத்துக்கொள்ளும் உரிமை நிலத்துக்காரருக்கு உண்டு என்பது 1882ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வருகிற வழக்கம். விற்பனைக்கு எடுப்பதென்றால் அரசு அனுமதி தேவைப்படும், அதை முதலில் விசாரித்துவிடுங்கள்.

ஆனால் உங்கள் போரில் ஏறுகிற தண்ணீர் உங்கள் மூன்று ஏக்கரோடு முடிந்துவிடுவதில்லை. ஓசூர், பெங்களூரு, கோலார் எல்லாமே கெட்டிப் பாறைப் பூமி. மேலே கொஞ்சம் மக்கிய பாறை, அதற்குக் கீழே வெடிப்புகள், இதில் தங்குவதுதான் தண்ணீர். வெடிப்பு உங்கள் வேலியைப் பார்த்து நிற்காது, பக்கத்து நிலத்துக்கும் போகும். நீங்கள் இரவு பகலாக மோட்டார் ஓட்டினால் முதலில் காற்று வாங்கப் போவது பக்கத்துக்காரர் போராகவும் இருக்கலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லோடு 12,000 லிட்டர். நாளைக்குப் பத்து லோடு என்றால் 1,20,000 லிட்டர். சொட்டு நீர் போட்ட ஒரு ஏக்கர் தக்காளிக்கு வெயில் காலத்தில்கூட ஒரு நாளைக்குச் சுமார் 20,000 லிட்டர் போதும். ஆக, ஆறு ஏக்கர் வெள்ளாமைக்கான தண்ணீர் தினமும் ஊரைவிட்டுப் போகிறது. அதுவும் தக்காளி நான்கைந்து மாதத்தில் முடிந்துவிடும், மழை பெய்தால் மோட்டாரை நிறுத்திவிடுவீர்கள், பாய்ச்சிய தண்ணீரில் கொஞ்சமாவது மண்ணுக்குள் திரும்ப இறங்கும். லாரிக்கு மழையும் கிடையாது, அறுவடையும் கிடையாது, ஏற்றிப் போன தண்ணீரில் ஒரு சொட்டுகூட உங்கள் நிலத்துக்குத் திரும்பி வராது. நாளைக்கு அந்தப் போர் வற்றினால் லாரிக்காரர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார், புதுப் போர் போடுகிற கடன் உங்கள் தலையில் விழும். விடாதீர்கள் என்றுதான் சொல்வேன். பணமுடை தாங்கவில்லை என்றால் ஒரே ஒரு கோடைக்கு, நாளைக்கு இத்தனை லோடுதான் என்று எழுதி வாங்கிக்கொண்டு, அக்கம்பக்கத்து நிலத்துக்காரர்களுக்கும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

கேள்வி: பெங்களூருவுக்குத்தான் காவிரித் தண்ணீர் போகிறதே, அப்புறம் எதற்கு லாரி?
ஒரு வாசகி, தருமபுரி

பதில்: 1974லிருந்தே போகிறது. சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து மேட்டுக்குப் பம்ப் செய்கிறார்கள். ஆனால் நகரம் குழாயைவிட வேகமாக ஓடிவிட்டது. மாநகராட்சியோடு சேர்த்த 110 கிராமங்களில் அடுக்குமாடிகள் முளைத்தன, காவிரிக் குழாய் மட்டும் வரவில்லை. அவர்களுக்கான ஐந்தாம் கட்டத் திட்டம், நாளைக்கு 77.5 கோடி லிட்டர், 2024 அக்டோபரில்தான் தொடங்கியது. அதே ஆண்டு மார்ச்சில் நகரத்தின் அரசுப் போர்கள் சுமார் 13,900இல் 6,900 வற்றிக் கிடந்தன. லாரி விலை எகிறியதால் 12,000 லிட்டருக்கு, 5 கிலோமீட்டருக்குள் 1,000 ரூபாய் என்று நிர்வாகமே விலை கட்ட வேண்டியதாயிற்று. அந்த லாரிகள் தண்ணீர் தேடிப் போன இடங்களில் ஒன்று சுற்றுவட்டார விவசாயப் போர்கள்.

டெல்டாக்காரர்களும் இதில் விலை கொடுத்திருக்கிறார்கள். காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018இல் தந்த தீர்ப்பில் தமிழ்நாட்டின் பங்கு 192 டிஎம்சியிலிருந்து (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி) 177.25 ஆனது. குறைத்த 14.75 டிஎம்சியில் 4.75 பெங்களூருவின் குடிநீருக்கு. குடிநீருக்கு மறுப்புச் சொல்ல மனம் வராதுதான். ஆனால் குடித்து, குளித்து, துவைத்து முடித்த தண்ணீரை அந்த நகரம் என்ன செய்கிறது என்று கேட்க நமக்கு முழு உரிமை உண்டு.

கேள்வி: அந்தக் கழிவுநீரைச் சுத்திகரித்து கோலார் ஏரிகளை நிரப்புகிறார்களாமே? நல்ல திட்டம்தானே?
கல்லூரி மாணவர், கிருஷ்ணகிரி

பதில்: பாதி நல்ல திட்டம். கோலாரில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை, 1,000 அடி, 1,500 அடி என்று தோண்டி நொந்துபோன ஊர். 2018 ஜூனில் தொடங்கிய கே.சி. வேலி (கோரமங்களா-செல்லகட்டா பள்ளத்தாக்கு) திட்டத்தில் நாளைக்கு 44 கோடி லிட்டர் வரை சுத்திகரித்த நீரை 126 ஏரிகளுக்கு விடுவதாக ஏற்பாடு. எத்தனையோ வருடம் காய்ந்து கிடந்த ஏரிகளில் தண்ணீர் நின்றது, சுற்றியிருந்த போர்களும் ஏறின. அந்த ஜனங்களின் சந்தோஷத்தைக் குறை சொல்ல என்னால் முடியாது.

ஆனால் அடுத்த மாதமே கோலாரின் லட்சுமிசாகர ஏரியில் நுரை பொங்கியது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நுண்ணுயிர்களைக் கொண்டு அழுக்கைக் குறைக்கும் இரண்டாம் கட்டச் சுத்திகரிப்போடு நிறுத்திக்கொள்கிறார்கள் என்பதுதான் கோலார் விவசாயிகளின் புகார். மிச்ச அழுக்கையும் கிருமிகளையும் நீக்கும் மூன்றாம் கட்டமும் வேண்டும் என்று அவர்கள் பல வருடமாகப் போராடுகிறார்கள். ஏரியில் நிற்பது நிலத்துக்குள் இறங்கும், அதையேதான் போரில் எடுத்துக் குடிப்பார்கள். அதனால் அவர்கள் கேட்பது நூற்றுக்கு நூறு நியாயம். செலவை நகரம் ஏற்கட்டும்.

இன்னொன்று, இந்த நீர் இயல்பாக பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைத் தாண்டித் தென்பெண்ணையில் சேர்ந்து ஓசூர் பக்கத்தில் இருக்கும் நம் கெலவரப்பள்ளி அணைக்கு வர வேண்டியது. கோலாருக்குத் திருப்பியது போக மிச்சம் நமக்கு வருகிறது, பல நேரம் நுரையோடு.

கேள்வி: கெலவரப்பள்ளித் தண்ணீரில் கீரை போடலாமா?
ஒரு விவசாயி, ஓசூர் வட்டம்

பதில்: பரிசோதிக்காமல் போடாதீர்கள். மண், நீர் பரிசோதனை நிலையத்தில் உப்பும் காரத்தன்மையும் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். ஈயம், காட்மியம் போன்றவற்றைத் தனியாகக் கேட்டுத்தான் பார்க்க வேண்டும். நுரை இல்லாத நாளில் ஒரு பாட்டில், நுரை வரும் நாளில் ஒரு பாட்டில் என இரண்டும் கொடுங்கள். முடிவு வரும்வரை கீரைக்கு மழைநீரோ கிணற்றுநீரோதான். அணைத் தண்ணீர் இலையில் படவே வேண்டாம்.