வாசகர் கேள்வி: ஏஜென்ட் விளம்பரம் எங்க குடுக்கணும், ஆப் எப்படி தேடணும்?

கேள்வி: நான் ஆறு வருஷமா இன்சூரன்ஸ் ஏஜென்டா இருக்கேன். இன்சூரன்ஸ் துறைக்குன்னே வர்ற ஒரு மாத இதழ்ல கால் பக்க விளம்பரம் போடுங்க, பாலிசி நல்லா போகும்னு ஒருத்தர் விடாம கேக்குறார். போடலாமா? இன்னொண்ணு, பிரீமியம் கட்ட எந்த ஆப் போடணும்னு கஸ்டமர்ஸ் எங்கிட்டதான் கேக்குறாங்க, தேடுனா ஒரே மாதிரி பேர்ல ஏழெட்டு வருது, எத சொல்றது?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: காச எடுத்து குடுக்கறதுக்கு முன்னாடி அந்த இதழ யாரு காசு குடுத்து வாங்குறாங்கன்னு கேளுங்க சார். துறை இதழ படிக்கிறது உங்கள மாதிரி ஏஜென்ட், டெவலப்மென்ட் ஆபீசர், புரோக்கர், நஷ்டத்த மதிப்பிடுற சர்வேயர் இவங்கதான். பாலிசி எடுக்கப் போற மளிகைக்கடைக்காரரோ டீச்சரம்மாவோ அத கையில தொடக்கூட மாட்டாங்க. ஏஜென்டுகளுக்கு டியூ லிஸ்ட் (யார் எப்ப பிரீமியம் கட்டணும்ங்கிற பட்டியல்) சாப்ட்வேர் விக்கிறவங்க, டைரி காலண்டர் அடிச்சு குடுக்கிறவங்க, ஏஜென்ட் பரீட்சைக்கு கிளாஸ் எடுக்கிறவங்க இவங்களுக்கு அது நல்ல இடம், தாராளமா போடலாம். நீங்க போட்டா உங்க போட்டியாளருங்கதான் உங்க போட்டோவ பாப்பாங்க. ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு சும்மாவா சொன்னாங்க, அந்தக் காசுக்கு உங்க தெரு கோயில் திருவிழா மலர்லயோ ஸ்கூல் ஆண்டு மலர்லயோ போடுங்க, உங்கள தெரிஞ்சவங்க பாப்பாங்க.

ஆனா எங்க போட்டாலும் சரி, ஏஜென்ட் தன்னிஷ்டத்துக்கு விளம்பரம் பண்ண முடியாது, கம்பெனிகிட்ட முன்கூட்டியே எழுத்துல அனுமதி வாங்கணும், இது இன்சூரன்ஸ் துறைய கண்காணிக்கிற ஐஆர்டிஏஐ போட்ட விதி. வாட்ஸ்அப்ல போஸ்டர் போட்டாலும் அதே கதைதான். "முதல் பிரீமியத்துல பாதி நானே கட்றேன்"னு சில பேர் நோட்டீஸ் அடிக்கிறாங்க பாருங்க, அத மட்டும் செஞ்சிடாதீங்க, கமிஷன்ல இருந்து தள்ளுபடி குடுக்கறத 1938 இன்சூரன்ஸ் சட்டம் 41வது பிரிவு தடுக்குது, அபராதம் 10 லட்சம் வரைக்கும் போகும்.

இப்ப ஆப் விஷயம். இது எனக்கு ரொம்ப மனசு பதைக்கிற விஷயம், அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன். ப்ளே ஸ்டோர்ல கம்பெனி பேர அடிச்சு தேடுனா மேலாப்ல வர்றது சில நேரம் காசு கட்டி வந்த விளம்பரம், பக்கத்துல பொடி எழுத்துல ஸ்பான்சர்டுன்னு இருக்கும், கண்ணாடி போட்டாதான் தெரியும். மொதல்ல வர்றதுதான் ஒரிஜினல்னு நெனச்சு நம்ம ஆளுங்க அத அமுக்கிடுறாங்க. ஆப் பேருக்கு கீழ அத செஞ்சவங்க பேர் இருக்கும், அதப் படிக்கச் சொல்லுங்க, அங்க கம்பெனி பேர் இல்லாம வேற யாரோ பேர் இருந்தா வேணாம். எல்ஐசின்னா ஆப் பேர் எல்ஐசி டிஜிட்டல், போலி ஆப் வருதுன்னு அவங்களே ஜனங்கள எச்சரிச்சிருக்காங்க. எல்லாத்தையும் விட நல்லது, தேடவே வேணாம், கம்பெனி வெப்சைட்டுக்கு போயி அங்க இருக்கற லிங்க் வழியா ஸ்டோருக்கு போறது.

எங்க தெருவுல ஒரு அக்காவுக்கு வாட்ஸ்அப்ல ஒரு ஃபைல் வந்துச்சு, பாலிசி போனஸ் வந்திருக்கு, இத இன்ஸ்டால் பண்ணுங்கன்னு. லோகோ அச்சு அசலா அப்படியே இருந்துச்சு. தொறந்ததும் மெசேஜ் படிக்க அனுமதி குடுங்கன்னு கேட்டுருக்கு, அக்காவும் ஓகே ஓகேன்னு அமுக்கிட்டாங்க. ஓடிபி எல்லாம் அவங்களுக்கு முன்னாடி திருடன் படிச்சிட்டான், பையன் ஃபீஸுக்கு வச்சிருந்த பணம் காலைல இல்ல. ஸ்டோருக்கு வெளிய வாட்ஸ்அப்ல வர்ற ஏபிகே ஃபைல, அதாவது ஆப் இன்ஸ்டால் பண்ற ஃபைல, தொடவே கூடாதுன்னு ஒவ்வொரு வீட்லயும் சொல்லுங்க. ஐஆர்டிஏஐ யாருக்கும் பாலிசி விக்காது, போனஸும் அறிவிக்காது, அந்தப் பேர சொல்லி பாலிசி, போனஸ்னு போன் வந்தாலே ஏமாத்துதான். பணம் போயிடுச்சுன்னா அழுதுட்டு உக்காராம அந்த நிமிஷமே சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு போன் அடிக்கணும், லேட்டாக லேட்டாக பணத்த நிறுத்தறது கஷ்டம்.

நீங்க டியூ வாங்கப் போகும்போது வயசானவங்க போன்ல பக்கத்துல உக்காந்து சரியான ஆப்ப போட்டு குடுங்க, அஞ்சு நிமிஷ வேலை. ஓடிபி வர்றப்ப மட்டும் அவங்களையே அடிக்க விட்டுட்டு நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க.