பூநாரை பார்க்க நாள் குறிப்பது எப்படி?

கேள்வி: மும்பை செம்பூரில் வசிக்கிறோம். மகளுக்கு 11 வயது, மகனுக்கு 7. இருவரையும் வீட்டிலேயே படிக்க வைக்கிறோம். ஐரோலியிலிருந்து படகில் போய்ப் பூநாரை (ஃபிளமிங்கோ) சரணாலயத்தைக் காட்டி, அந்த ஒரு நாளைப் பாடமாக்க விரும்புகிறேன். படங்களோடு பறவைப் பட்டியல் ஒன்று தயாரித்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போகலாமா? பைனாகுலர் அவசியமா?

பதில்: கிழமையைப் பார்ப்பதற்கு முன்னால் திதியைப் பாருங்கள். 2015-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற தானே கடற்கழி, நாளுக்கு இரண்டு முறை நிறைந்து இரண்டு முறை வற்றுகிறது. வற்றும்போது சேறு வெகு தூரம் விரியும். பூநாரைகள் அதில் சிதறி மேயும். படகு நகர நீர் இருக்காது. முழுதாக நிறைந்துவிட்டால் மேய்ச்சல் இடமே மூழ்கிப்போகும், பறவைகள் எழுந்து வேறிடம் போய்விடும். நீர் ஏறிக்கொண்டிருக்கும் வேளையில்தான் மிச்சமுள்ள சேற்றில் அவை நெருக்கியடித்து நிற்கும். உங்கள் படகு அப்போது அங்கே இருக்க வேண்டும்.

அந்த வேளையைக் கணிக்கக் கொங்கண் கடற்கரை மீனவர்களிடம் ஓர் எளிய கணக்கு உண்டு. திதியின் எண்ணை முக்காலால் பெருக்கினால், உயர் ஓதம், அதாவது கடல் நீர் முழுதாக ஏறி நிற்பது, வரும் மணி கிடைக்கும். அதற்கு முந்திய நேரமே உங்களுக்கு வேண்டிய வேளை. அஷ்டமி என்றால் 8 × ¾ = 6; காலை 6 மணி, மாலை 6 மணி வாக்கில் நீர் நிறையும். துவாதசிக்கு 9 மணி. சதுர்த்தசிக்கு 10.30. வளர்பிறை, தேய்பிறை இரண்டுக்கும் இதே கணக்குதான். இது தோராயம், கழியின் உட்பகுதியில் நீர் இன்னும் சற்றுப் பிந்தியே நிறையும். வீட்டில் தொங்கும் தினசரிக் காலண்டரை மகளிடம் கொடுத்து நாளை அவளையே குறிக்கச் சொல்லுங்கள். பின்னப் பெருக்கல், நிலவின் ஈர்ப்பு, ஓதம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போவது என மூன்று பாடம் புறப்படும் முன்பே முடிந்துவிடும். காலைப் படகுக்குத் துவாதசி முதல் பௌர்ணமி அல்லது அமாவாசை வரையிலான நாட்கள் தோதானவை. அவள் குறித்த நாளை, ஐரோலியில் உள்ள வனத்துறையின் கடலோரப் பல்லுயிர் மையத்தில் படகு நேரத்தோடு ஒப்பிட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பூநாரைகள் மழைக்காலம் முடிந்து நவம்பர் வாக்கில் வரத் தொடங்கி மே வரை தங்கும். பிள்ளைகளோடு போக ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது. அதற்குப் பிறகு படகில் வெயில் தாங்காது.

பறவைப் பட்டியலை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். கையில் பட்டியல் இருந்தால் பிள்ளைகள் பறவையைப் பார்க்க மாட்டார்கள், டிக் போடத்தான் பார்ப்பார்கள். ஆளுக்கு ஒரு கேள்வி போதும். மகனிடம், “பூநாரை சாப்பிடும்போது அலகு எந்தப் பக்கம் பார்க்கிறது?” என்று கேட்டு அனுப்புங்கள். தலையைக் கவிழ்த்து, மேல் அலகு கீழே வரும்படி வைத்துக்கொண்டு, நாக்கால் நீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளி, அலகின் ஓரத்துச் சல்லடையில் பாசியை வடிகட்டி உண்ணும் பறவை அது. அதை அவன் தானாகவே கண்டுபிடிக்கட்டும், முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். மகளுக்குச் சற்றுக் கடினமான கேள்வி: இவ்வளவு பெரிய நகரத்தின் கழிவுநீர் கலக்கும் இடத்துக்கு இவை ஏன் வருகின்றன? கழிவிலுள்ள சத்து பாசியை வளர்க்கிறது, பாசி பூநாரையை இழுக்கிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அப்படியானால் கழிவு நல்லதா என்று அவள் திருப்பிக் கேட்பாள். உடனே தீர்ப்புச் சொல்ல வேண்டாம். ஒரு வாரம் அவளே யோசிக்கட்டும்.

பைனாகுலர் ஒன்று போதும், அதுவும் 8 மடங்குக்கு மேல் வேண்டாம். படகின் ஆட்டத்தில் அதிக மடங்கு காட்டும் கருவியில் எதுவுமே நிலையாகத் தெரியாது. ஏழு வயதுப் பையனுக்கு வெறுங்கண்ணே வசதி. நான் அதைவிட ஒரு கைலென்ஸ் வாங்கச் சொல்வேன். கரையோரம் வளரும் வெண்கண்டல் என்ற அலையாத்தி மரத்தின் இலையில் வெளிறிய பொடி போல உப்புப் படிந்திருக்கும். வேர் வழியே உள்ளே வரும் உப்பை இலை வெளியேற்றிவிட்ட தடயம் அது. லென்ஸில் மணி மணியாகத் தெரியும். ருசி பார்க்க மட்டும் விடாதீர்கள், அங்கே நீர் சுத்தமானதல்ல.

ஏறும் முன் கழிப்பறை, தொப்பி, தண்ணீர், பாதுகாப்பு ஜாக்கெட். இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை.

இன்னொரு முறை அஷ்டமியை ஒட்டிப் போங்கள். நண்பகலில் நீர் இறங்கி, அலையாத்தி மரங்களின் அடியில் சேறு வெளியே தெரியும். படகு தேவையில்லை, கரையில் நின்றாலே பென்சில் நட்டதுபோல் நிற்கும் மூச்சு வேர்களும், ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த ஆண் நண்டுகளும், தோல் ஈரமாக இருக்கும்வரை நீருக்கு வெளியே துள்ளித் திரியும் மீன்களும் கண்ணில் படும். பூநாரை உங்கள் மகனுக்கு எட்டத்தில்தான் தெரியும். இவை காலடியிலேயே இருப்பதால், ஏழு வயதுக்கு இந்த இரண்டாவது பயணமே அதிகம் பிடிக்கும் என்பது என் கணிப்பு.