காட்டில மரம் வெட்டினா குருவிக்கு நல்லதா?

கேள்வி: சிங்கராஜ மழைக்காட்டுப் பக்கம் பைன் மரங்களை வெட்டினவை எண்டு கேள்விப்பட்டன். காட்டைக் காப்பாத்திறவையே வெட்டினா குருவியள் எங்க போகும் சேர்?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: கவலை நியாயம்தான் தங்கச்சி, ஆனா பைன் எங்கட நாட்டு மரமே இல்ல, கரிபியன் பக்கத்து மரம், காட்டோரத்தில வேலி மாதிரி நட்டு விட்டது, கீழ ஊசியிலை தடிப்பாக் கிடக்கும், குருவி தின்னப் பழமும் இல்ல, அதால சில வரிசையளை மட்டும் வெட்டி வெளிச்சம் விட்டு இடையில காட்டு மரக்கண்டுகள் நட்டுப் பாத்தவை, நல்லா வளந்திட்டுது. சிங்கராஜவில பல சாதிக் குருவியள் ஒண்டாக் கூட்டமா இரை தேடும், அதுகளுக்கு உச்சிக்கிளை, நடுமரம், புதர் எல்லாம் வேணும். ஒரேயடியா மொட்டை அடிக்கிறது வேற கதை, அதை நானும் ஒத்துக்கொள்ள மாட்டன்.

பட்ட மரத்தையும் விட்டு வைக்கோணும். குக்குறுவான் உக்கின கொப்பிலதான் பொந்து குடையும், பிறகு அதே பொந்தில வேற குருவியள் வந்து குஞ்சு பொரிக்கும். கொழும்பில பட்ட கொப்பைக் கண்ட உடன ஆள் பிடிச்சு வெட்டுறம். கூரையில, வயர்ல விழாதெண்டா விடுங்கோ, வெட்டத்தான் வேணுமெண்டா முதல்ல பொந்துக்க குஞ்சு இருக்கோ எண்டு பாருங்கோ.