நைட்டுகளின் காலத்தை முடித்துவைத்தது துப்பாக்கியா?

மத்தியகால ஐரோப்பாவின் நிலமானிய முறையும் நைட் என்ற குதிரைவீரர்களும் மறைந்ததற்கு வெடிமருந்துதான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கிலாந்தைப் பொறுத்தவரை, இல்லை. "நிலத்தை வைத்துக்கொள், பதிலுக்குப் போருக்கு வா" என்ற ஏற்பாடு அங்கே பீரங்கி வருவதற்கு வெகுகாலம் முன்பே உள்ளுக்குள் உளுத்துப்போய்விட்டது. அதை அரித்தது பணக்கணக்கு.

1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு நிலம் பெற்ற ஒவ்வொரு பெரிய பிரபுவுக்கும், அரசர் கூப்பிட்டால் இத்தனை நைட்டுகளோடு வரவேண்டும் என்று ஒரு எண்ணிக்கை விதிக்கப்பட்டது. பிரபு தன் நிலத்தில் ஒரு பகுதியைப் பிரித்து ஆளுக்கு ஒரு மானியமாகக் கொடுத்து அந்த எண்ணிக்கையைச் சரிக்கட்டினார். மானியம் பெற்றவர் குதிரை, சங்கிலிக்கவசம், தலைக்கவசம், கேடயம், ஈட்டி எல்லாவற்றையும் சொந்தச் செலவில் வாங்கவேண்டும். வழக்கப்படி ஆண்டுக்கு 40 நாள் சேவை, அதற்கும் சம்பளம் கிடையாது. எல்லைச் சண்டைக்கு இது போதும். கடல் தாண்டிப் பிரான்சில் ஒரு கோட்டையை முற்றுகையிட 40 நாள் எந்த மூலைக்கு?

இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றி 1159இல் தென்பிரான்சின் துலூஸ் மீதான படையெடுப்புக்கு ஆளுக்குப் பதில் பணம் வாங்கினார். 'கேடயப் பணம்' என்று பெயர். ஒரு மானியத்துக்கு 2 மார்க். இந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ஒரு மார்க் 160 பென்ஸ், ஆக 2 மார்க் 320 பென்ஸ். அக்காலத்தில் கூலிக்கு வரும் நைட்டுக்கு நாளொன்றுக்கு 8 பென்ஸ். 320-ஐ 8-ஆல் வகுத்தால் சரியாக 40 நாள்! வராத ஒருவரின் பணத்தில் வருகிற ஒருவரை அதே 40 நாளுக்கு அமர்த்தலாம். அரசருக்கு நட்டமில்லை, விருப்பமில்லாதவரை இழுத்துப்போக வேண்டியதும் இல்லை.

சிக்கல் கூலியில் வந்தது. 13ஆம் நூற்றாண்டில் நைட்டின் தினக்கூலி 2 ஷில்லிங், அதாவது 24 பென்ஸ் ஆகிவிட்டது. குதிரை விலையும் கவசத்தின் கனமும் ஏறியதோடு பொது விலைவாசியும் ஏறியிருந்தது. 40 நாளுக்கு இப்போது 960 பென்ஸ், 6 மார்க் வேண்டும். பழைய 2 மார்க் 13 நாளுக்குத்தான் காணும். ஜான் மன்னர் 1214இல் 3 மார்க் கேட்டபோது பலர் கட்ட மறுத்தார்கள். மறு ஆண்டு, அரசரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய மாக்னா கார்ட்டா சாசனத்தின் 12ஆம் பிரிவு, நாட்டின் பொது ஆலோசனை இல்லாமல் கேடயப் பணம் விதிக்கக்கூடாது என்று பூட்டுப்போட்டது.

இதற்கிடையே மானியங்களே துண்டுதுண்டாகிக்கொண்டிருந்தன. மகன் இல்லாமல் இறந்தால் நிலம் மகள்களுக்குச் சமமாகப் பிரியும். விற்பதும் உள்குத்தகையாகக் கொடுப்பதும் வேறு. அரை மானியம், கால் மானியம், இருபதில் ஒரு பங்கு என்றெல்லாம் ஏடுகளில் வரும். இருபதில் ஒரு பங்குக்காரர் கட்டவேண்டியது 16 பென்ஸ். அதைப் பணமாக வாங்கலாம். ஒரு நைட்டின் இருபதில் ஒரு பங்கைப் போர்க்களத்துக்கு அனுப்ப முடியுமா? முதலாம் எட்வர்ட் 1277இல் வேல்ஸ் போருக்கு அழைத்தபோது வந்து நின்ற நைட்டுகள் 228 பேர். நைட் அல்லாத குதிரைவீரர் இருவரை ஒரு நைட்டாகக் கணக்கில் எடுக்கவேண்டியிருந்தது.

நில வசதி இருந்தும் பலர் நைட் பட்டமே வேண்டாமென்று ஒதுங்கினார்கள். எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் சமூக மாற்றம் இதுதான். போர்க்குதிரை, கவசம், சடங்கு, விருந்து என்று பட்டத்துக்கே பெருஞ்செலவு. போதாததற்கு, நில வழக்குகளில் நால்வர் சேர்ந்து பன்னிருவரைத் தேர்ந்தெடுக்கும் பெரிய ஜூரிக்கு நைட்டுகள்தான் வேண்டும்; பயணமும் காத்திருப்பும் சொந்தச் செலவு. அரசர்கள் வற்புறுத்தத் தொடங்கினார்கள். 1242இல் ஆண்டுக்கு 20 பவுண்டு நிலவருமானம் உள்ளவர் பட்டம் ஏற்றே ஆகவேண்டும் என்று உத்தரவு. ஏற்காதவர் அபராதம் கட்டித் தப்பித்தார்.

எஞ்சியவர்கள் பணக்காரச் சிறுபான்மை. குலச்சின்னம், துர்னமெண்ட் எனும் போர்விளையாட்டு, அரசவை நடத்தை என்று நாம் இன்று வீரமரபாக எண்ணும் பகட்டெல்லாம் இந்தக் காலத்தில்தான் செழிக்கிறது. சேவை தேயத்தேய அந்தஸ்து வளர்ந்தது. 1306இல் எட்வர்ட் தன் மகனோடு 250-க்கும் மேற்பட்டவர்களுக்கு வெஸ்ட்மின்ஸ்டரில் பட்டம் சூட்டினார். சடங்கு உடைக்கான செலவை அரசுக் களஞ்சியமே ஏற்றது. அப்படித்தான் ஆள் சேர்க்க முடிந்தது.

படை திரட்டும் வேலையை 14ஆம் நூற்றாண்டில் சம்பளம் எடுத்துக்கொண்டது. தளபதியோடு எழுதும் ஒப்பந்தத்தை ஒரே தோலில் இருமுறை எழுதி, நடுவில் பல்பல்லாக வெட்டி, ஆளுக்கொரு பாதி வைத்துக்கொள்வார்கள். தகராறு வந்தால் இரண்டு பாதியும் பல்லுக்குப் பல் பொருந்தவேண்டும். எத்தனை பேர், எத்தனை மாதம் என்று அதில் இருக்கும். நைட்டுக்கு நாளுக்கு 2 ஷில்லிங், நைட் அல்லாத கவசவீரருக்கு 1 ஷில்லிங், குதிரையில் வரும் வில்லாளிக்கு 6 பென்ஸ். போர்க்குதிரைகளை முன்கூட்டியே விலைமதித்துப் பதிந்துவைத்து, செத்தால் ஈடு கொடுத்தார்கள். 1346இல் பிரான்சின் கிரெஸ்ஸியில் பிரெஞ்சுப் படையை வென்றது இப்படிச் சம்பளம் வாங்கிய படை. பழைய முறையில் கடைசி அழைப்பு 1385இல், ஸ்காட்லாந்துப் போருக்காக.

சேவை போனாலும் மானியத்தின் வரிப்பக்கம் போகவில்லை. வாரிசு 21 வயது நிரம்பாதவனாக இருந்தால் நிலத்தின் வருமானமும் அவன் திருமணத்தை முடிவுசெய்யும் உரிமையும் மேல்பிரபுவுக்கு. அரசர்களுக்கு இது நல்ல வருமானம், விடுவார்களா? முதலாம் சார்லஸ் 1630இல் நைட் பட்டம் ஏற்காதவர்களுக்கான அபராதத்தையும் தோண்டியெடுத்தார். அதை 1641இல் நாடாளுமன்றம் ஒழித்தது. படைமானிய உரிமை 1660இல்தான் சட்டப்படி முடிந்தது. இழந்த வருமானத்துக்கு ஈடாக அரசருக்குக் கிடைத்தது பீர், சைடர், காபி, தேநீர் மீதான கலால் வரி.