பெரியப்பாவின் பெரியபுராணம் (கடிதம்)

அன்புள்ள ஐயா,

தல்லாகுளத்தில் எங்கள் பெரியப்பா வீட்டு மாடி காலியாக இருக்கிறது. என்னோடு படித்த தோழி, பெரியாஸ்பத்திரியில் நர்ஸ், வாடகைக்குக் கேட்டு வந்தாள். பெரியப்பா ஊரைக் கேட்டார், தெருவைக் கேட்டார், அப்புறம் 'சொந்தக்காரங்க வர்றாங்கம்மா' என்று அனுப்பிவிட்டார். ராத்திரி நான் சண்டை போட்டதற்கு, 'நந்தனாரே தீயில இறங்கித்தான் உள்ள போனாரு. நான் சொல்லல, சேக்கிழார் சொல்றாரு' என்கிறார். பெரியபுராணத்தை முழுக்க ஓதும் முற்றோதல் எங்கே நடந்தாலும் போகிறவர். அவர் வாயை அடைக்கிற மாதிரி பெரியபுராணத்திலேயே ஒரு பாட்டு சொல்லுங்கள். மனுதர்மத்திலும் ஆகமத்திலும் என்ன இருக்கிறது என்றும் விளக்கினால் நல்லது.

கார்த்திகா, மதுரை

அன்புள்ள கார்த்திகா,

மனுவையும் ஆகமத்தையும் விடுங்கள். உங்கள் பெரியப்பா அவற்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு வாடகைக்கு ஆள் தேடவில்லை. தெருப்பெயரைக் கேட்டதுமே முடிவு செய்துவிட்டார். சேக்கிழார் வந்தது ராத்திரி, நீங்கள் சண்டைக்குப் போன பிறகு.

ஆனால் அவரை இழுத்துவிட்டாரே, அதனால்தான் இந்தப் பதில். கொஞ்ச நாளாகவே என் மண்டைக்குள் திருநீலகண்ட யாழ்ப்பாணர் உட்கார்ந்திருக்கிறார். கோயிலுக்குள் விடப்படாத பாணர் குலத்தவர். மதுரைக்கு வந்து, ஆலவாய்க் கோயில் (மீனாட்சி கோயில்) வாசலுக்கு வெளியே நின்று யாழ் வாசித்தவர். அன்றிரவு இறைவன் அடியார்கள் கனவில் வந்து அவரை உள்ளே அழைத்து வரச் சொல்கிறார். உள்ளே அவர் பாடும்போது, தரையின் ஈரம் பட்டால் யாழ் கெடும், பொற்பலகை போடுங்கள் என்று வானத்தில் ஒரு குரல். தீயும் இல்லை, தீர்த்தமும் இல்லை. நம்ம ஊர்க் கோயில்தான் அம்மா அது! அதே கோயிலுக்குள் 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர், அதுவரை உள்ளே விடப்படாத கக்கன் முதலியவர்களை அழைத்துக்கொண்டு போனார். சாஸ்திரம் கெட்டுப்போனது என்று சொல்லிப் பட்டர்களில் பலர் பூஜைக்கு வர மறுத்தார்கள். பலகை போடச் சொன்ன சாமிக்கு!

அது கோயில் விஷயம். உங்களுடையது வீட்டு விஷயம். அதுவும் சேக்கிழாரிடம் இருக்கிறது.

பள்ளிக்கூட நாட்களில் அத்தையோடு ஆடி வீதிக்குச் சொற்பொழிவு கேட்கப் போவேன். ஒருநாள் திருநீலநக்கர் புராணம். லிங்கத்தின் மேல் விழுந்த சிலந்தியை அவர் மனைவி பதறிப்போய் வாயால் ஊதி உமிழ்ந்ததும், எச்சில் பட்டதென்று அவர் மனைவியையே விலக்கியதும், அந்த அம்மா ஊதிய இடம் தவிரத் தன் மேனியெல்லாம் கொப்புளமாக இறைவன் கனவில் காட்டியதும் நீங்கள் கேட்டிருப்பீர்கள். பேச்சாளர் மைக்கை வாய்க்கு நேரே இழுத்து 'ஃபூ' என்று ஊதினார். ஸ்பீக்கர் அதிர்ந்து கூட்டமே சிரித்தது. சிலந்திக்கு மட்டும் ஒரு மணி நேரம். பிறகு சம்பந்தர் வந்தார், அமுது செய்தார், புறப்பட்டார். முடிந்தது கதை.

அத்தை எழுந்து நின்றுவிட்டார். 'சாமி, கூட வந்த பாணருக்கு எங்க படுக்கப் போட்டாங்க?'

'நேரமாயிருச்சு தாயி.'

வீட்டுக்கு நடக்கும்போது அத்தைதான் மீதியைச் சொன்னார். சாத்தமங்கையில் நீலநக்கர் வேதியர், வேள்வி வளர்ப்பவர். தன்னோடு வந்த அந்தத் திருநீலகண்ட யாழ்ப்பாணருக்கும் அவர் மனைவி மதங்கசூளாமணியாருக்கும் தங்க இடம் கொடுங்கள் என்கிறார் சம்பந்தர். நீலநக்கர் திண்ணையைக் காட்டவில்லை. நடுவீட்டில், வேள்விக் குண்டத்துக்குப் பக்கத்திலேயே இடம் கொடுத்தார். அணையாத அந்தத் தீ வலஞ்சுழித்து ஓங்கி எரிந்தது. இருவரும் அங்கேயே படுத்துத் தூங்கினார்கள். எச்சிலுக்குப் பெண்டாட்டியை விலக்கிய அதே மனிதர் வீட்டில்!

அந்தப் பேச்சாளர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. தாண்டிப் போனார். உங்கள் பெரியப்பாவும் பொய் சொல்லவில்லை. நந்தனாரின் தீ புத்தகத்தில் இருக்கத்தான் செய்கிறது. தில்லையில் தீக்குள் புகுந்து முப்புரிநூல் மார்பரோடு வரச்சொல்கிறார் இறைவன். அதை நான் மழுப்ப மாட்டேன். மழுப்பிவிட்டு நீலநக்கரை மட்டும் உங்கள் கையில் கொடுத்தால் எனக்கும் அந்தப் பேச்சாளருக்கும் என்ன வித்தியாசம்? (நந்தனாரைப் பாடாய்ப் படுத்தும் அந்த ஆண்டை வேதியர் சேக்கிழாரிடம் கிடையாது, கோபாலகிருஷ்ண பாரதி சேர்த்த பாத்திரம். அதை இன்னொரு நாள் பேசலாம்.) 4,000க்கு மேற்பட்ட பாட்டு. தீ ஒருவரை உள்ளே விடுவதற்கு முன் எரித்த இடமும் உண்டு, வந்தவரைப் பார்த்துப் பொங்கிய இடமும் உண்டு. முற்றோதலில் இரண்டையும் வாய்விட்டுப் படித்துவிட்டு, மாடிப்படியில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறாரே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நீங்கள் நீலநக்கரைச் சொன்னால், 'பாணர் நாயன்மாரு, உன் ஃப்ரெண்டு நாயன்மாரா?' என்பார். நந்தனாரும் நாயன்மார்தானே பெரியப்பா, தீயில் இறங்க மட்டும் என் ஃப்ரெண்டு நாயன்மாரா என்று கேளுங்கள். அதற்கும் அவரிடம் ஒரு பாட்டு இருக்கும். அசரமாட்டார்.

நீங்களும்தான் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் பாட்டு கேட்கிறீர்கள். நல்ல முடிவுதான், உங்கள் கோபமும் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஏம்மா, கடிதம் முழுக்கப் பெரியப்பா, சேக்கிழார், மனு. அந்தப் பெண் அப்புறம் எங்கே போனாள்? ஒரு வரி இல்லையே. நைட் டியூட்டி முடித்து வருகிறவளுக்கு வீடு கிடைத்ததா, இல்லையா?

கே.கே. நகரில் எனக்குத் தெரிந்தவர் வீட்டில் ஒரு போர்ஷன் காலியாகிறது. ஆஸ்பத்திரிக்குப் பக்கம்தான், தெருப்பெயர் கேட்க மாட்டார்கள். குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும், அட்வான்ஸில் கறார். சரிப்படுமா என்று அவளிடம் கேட்டு எழுதுங்கள்.