அடைப்புக்குறிக்குள் ஒரு தங்கை

கேள்வி: ஜெர்மனியில் ஆகன் நகரில் முதுநிலைப் பொறியியல் படிக்கிறேன். வயது 23. வந்து ஒரு வருடம் ஆகிறது. வகுப்புகள் போக, வாரத்தில் மூன்று நாள் மாலையில் ஒரு கிடங்கில் பார்சல் பிரிக்கும் வேலை பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை இரவு பஸ் ஏறினால் சனிக்கிழமை காலையில் வேறு நாட்டில் இருப்பேன். பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், பிரஸ்ஸல்ஸ், ப்ராக், வியன்னா எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஒரு பயணத்துக்கு நூறு யூரோ ஆகும். அதிகபட்சம் ப்ராகுக்கு 180 ஆனது. எல்லாம் நான் சம்பாதித்த பணம். வந்த பிறகு வீட்டில் ஒரு ரூபாய் கேட்டதில்லை. ஆனாலும் அப்பா, ‘ஊர் சுற்றவா கடன் வாங்கி அனுப்பினேன்?’ என்று ஒவ்வொரு வாரமும் ஆரம்பித்துவிடுகிறார். அம்மா அழுகிறார். வீட்டில் என் பக்கம் இருப்பது தங்கை மட்டும்தான். குளிரில் நின்று இரவு பதினொரு மணிக்குப் படம் போட்டாலும் முதல் ஆளாக இதயக்குறி போடுவாள். (அவளுக்கும் கோவையில் கேட்ட படிப்புக்கே இடம் கிடைத்தது. என் விசாவுக்கான பிளாக்டு அக்கவுண்டுக்குப் பணம் கட்ட வேண்டிய நேரம் என்பதால் ஊரிலேயே பி.எஸ்சி. சேர்ந்துவிட்டாள்.) இந்த வயதில் பார்க்காமல் எப்போது பார்ப்பது? அப்பாவுக்கு எப்படிப் புரியவைப்பது? பி.கு.: அடுத்து லண்டன் போக ஆசை. இங்குள்ள குடியிருப்பு அட்டையே போதுமா?

– பெயர் வேண்டாம், ஆகன்.

பதில்: தம்பி, இதே கடிதம் இந்தப் பகுதிக்கு அடிக்கடி வருகிறது. அனுப்புகிற ஊர் டப்ளின், மெல்பர்ன், டொரன்டோ என்று மாறும். அப்பாவின் வசனம் மட்டும் மாறுவதில்லை. எழுதுகிற எல்லோரும் என்னிடம் எதிர்பார்ப்பது ஒரு நற்சான்றிதழ். ‘நீங்கள் செய்வதில் தவறில்லை, பெற்றோர் அந்தக் காலத்து மனிதர்கள், பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்’ என்று எழுதி முத்திரை குத்தித் தர வேண்டும். நான் தருவதாக இல்லை.

ஊர் பார்ப்பதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. ஆகன் இருக்கும் இடம் அப்படி. ஊரை ஒட்டிய குன்றில் ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து மூன்றின் எல்லையும் ஒன்றாக வந்து சேர்கின்றன. நகரப் பஸ்ஸிலேயே நெதர்லாந்துக்குப் போய் வரலாம். கையிலுள்ள மாணவர் டிக்கெட்டில் ஜெர்மனி முழுவதும் வட்டார ரயில்களில் ஏறி இறங்கலாம். லக்ஸம்பர்கில் 2020 முதல் பஸ், டிராம், ரயில் எதற்கும் கட்டணமில்லை, முதல் வகுப்பைத் தவிர. பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில், ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் குடியிருக்கும் 26 வயதுக்குட்பட்டவர்களுக்கு நுழைவு இலவசம். பாஸ்போர்ட் இந்தியப் பாஸ்போர்ட்டாக இருந்தாலும் உங்கள் ஜெர்மன் குடியிருப்பு அட்டையைக் காட்டினால் விடுவார்கள். இத்தனை வசதி இருக்கும்போது அறையில் அடைந்து கிடந்தால் அதற்கும் திட்டுவேன்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. கடிதத்தில் ஐந்து ஊர்ப் பெயர் இருக்கிறது. எந்த ஊரில் எதைக் கண்டு நின்றீர்கள் என்று ஒரு வரி இல்லை. 1978-இல் யுனெஸ்கோ முதன்முதலாக அறிவித்த பன்னிரண்டு உலகப் பாரம்பரிய இடங்களில் ஒன்று உங்கள் ஆகன் பேராலயம். சார்லமேன் சக்கரவர்த்தியை 814-இல் அடக்கம் செய்தது அங்கேதான். அதற்குள் ஒருமுறையாவது போனீர்களா? போகட்டும், அது உங்கள் ரசனை.

நான் பேச வந்தது வேறு. உங்கள் கடிதத்தில் பஸ் கட்டணம் இருக்கிறது, அப்பாவின் கோபம் இருக்கிறது, அம்மாவின் கண்ணீர் இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் முழு வாக்கியம் கொடுத்திருக்கிறீர்கள். ஒரு பெண்ணின் படிப்பு கைநழுவிப் போனதற்கு மட்டும் அடைப்புக்குறி. இருபது வார்த்தைகூடத் தேறாது. அதையும் எதற்காக எழுதினீர்கள்? அவள் உங்கள் கட்சி என்று காட்டுவதற்காக.

‘எல்லாம் நான் சம்பாதித்த பணம்’ என்கிறீர்கள். சரி, கணக்கைப் பார்த்துவிடுவோம். பிளாக்டு அக்கவுண்டுக்கு 2024 செப்டம்பரிலிருந்து 11,904 யூரோ கட்ட வேண்டும். நம் பணத்தில் பத்து லட்சத்துக்கு மேல். அதை மொத்தமாகக் கட்டிய சான்று இருந்தால்தான் விசா. அங்கே போன பிறகு அது மாதம் 992 யூரோவாக உங்கள் கைக்கே திரும்பி வருகிறது. வாடகை அதில் போகிறது, காப்பீடு அதில் போகிறது, அரிசியும் பருப்பும் அதில்தான் வாங்குகிறீர்கள். வீட்டில் ஒரு ரூபாய் கேட்டதில்லை என்றால், கேட்க வேண்டிய அவசியமே இல்லாதபடி பன்னிரண்டு மாதத்துக்கும் முன்கூட்டியே கட்டிவிட்டார்கள் என்று பொருள். கிடங்குச் சம்பளம் முழுசாக மிஞ்சி பஸ் டிக்கெட்டாக மாறுவது அதனால்தான். கல்விக் கடனில், படிக்கும் காலத்தில் தவணைக்குத்தான் விடுமுறை, வட்டிக்கு விடுமுறை கிடையாது. நீங்கள் ப்ராகில் இறங்கும் நேரத்திலும் அது ஏறிக்கொண்டிருக்கிறது. இரண்டாம் ஆண்டுக்கு அனுமதியை நீட்டிக்கப் போகும்போது செலவுக்கு வழி இருக்கிறது என்று மறுபடியும் காட்டச் சொல்வார்கள். அந்தப் பணம் எங்கிருந்து வரப்போகிறது என்று கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை.

இதுவரை சொன்னதை உங்கள் அப்பாவே சொல்லியிருப்பார், என்னைவிடச் சத்தமாக. அவர் சொல்லாததற்கு வருகிறேன். அந்தப் பணத்தைத் திரட்டிய மாதத்தில் உங்கள் வீட்டில் இரண்டு கடிதங்கள் இருந்தன. ஒன்று ஜெர்மனியிலிருந்து உங்களுக்கு வந்தது. இன்னொன்று கோவையிலிருந்து அவளுக்கு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாராவது பேசினார்களா? அவளை உட்காரவைத்து, ‘இந்த வருஷம் இவ்வளவுதான் முடியும், நீ என்ன சொல்கிறாய்?’ என்று கேட்டார்களா? அப்போது நீங்கள் அந்த அறையில் இருந்தீர்களா, விசா நேர்காணலுக்குக் காகிதம் அடுக்கிக்கொண்டிருந்தீர்களா? அவளுக்குக் கிடைத்தது என்ன படிப்பு என்றுகூட எனக்கு எழுதவில்லை. உங்களுக்கு நினைவிருக்கிறதா என்றே சந்தேகம் வருகிறது.

உங்கள் அப்பாவையும் நான் விடுவதாக இல்லை. பையனுக்காக வங்கி வாசலில் நின்ற மனிதர், பெண்ணுக்காக அதே வங்கியில் ஒரு கேள்வி கேட்டாரா? உள்நாட்டில் படிப்பதற்கு நான்கு லட்சம் ரூபாய் வரை சொத்து ஈடு கேட்காமல் கல்விக் கடன் தருகிறார்கள். கோவையில் ஒரு பட்டப்படிப்புக்கும் விடுதிக்கும் அதில் பெரும்பகுதி அடங்கியிருக்கும். ஒருவேளை கேட்டிருக்கலாம், முடியாமல் போயிருக்கலாம். ஆனால் நம் வீடுகளை எனக்குத் தெரியும். பையனுக்கு என்றால் ‘எப்படியாவது’ என்பார்கள். பெண்ணுக்கு என்றால் ‘பக்கத்திலேயே ஒன்று பார்ப்போம்’ என்பார்கள். அதற்குக் கொடுமை என்று பெயர் வைத்தால் கோபித்துக்கொள்வார்கள், அதனால் யாரும் வைப்பதில்லை.

இப்போது அந்த இதயக்குறி. குளிர்காலத்தில் அங்கே இரவு பதினொரு மணி என்றால் இங்கே விடியற்காலை மூன்றரை. மூன்றரை மணிக்கு ஒரு கல்லூரி மாணவி ஏன் விழித்திருக்கிறாள்? முதல் பஸ்ஸைப் பிடிக்க எழுந்து அம்மாவோடு அடுப்படியில் நிற்கிறாளா? பிடிக்காத பாடத்தை மனப்பாடம் செய்கிறாளா? தூக்கம் வராமல் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாளா? எனக்குத் தெரிய நியாயமில்லை. உங்களுக்கும் தெரியாது என்பதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஒவ்வொரு வாரமும் நடக்கிறது. ஒருமுறையாவது ‘ஏன் இன்னும் தூங்கவில்லை?’ என்று திருப்பிக் கேட்டிருந்தால் கடிதத்தில் எழுதியிருப்பீர்கள். அவள் உங்கள் பக்கம் என்கிறீர்களே, அதை அவள் வாயால் சொன்னாளா? இதயக்குறிக்கு ஒரு விரல் போதும். உண்மையாகவே அண்ணன்மேல் பாசமாகவும் இருக்கலாம். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். அந்தப் பாசத்தை அப்பாவுக்கு எதிரான சாட்சியாகக் கூண்டில் ஏற்றுவது அழகல்ல.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வீடு தன் கையிருப்பையெல்லாம் ஒரு பிள்ளை மேல் வைத்தால், அடுத்த பிள்ளையின் முறைக்கு அந்தப் பிள்ளைதான் பொறுப்பு. பெற்றோர் இரண்டாவது முறையும் அடமானம் வைக்கட்டும் என்று விட்டுவிடக் கூடாது. காரும் வீட்டு மனையும் அதற்குப் பிறகுதான். ‘அவள் கல்யாணத்துக்கு நான் நகை போடுவேன்’ என்று எனக்குப் பதில் எழுதிவிடாதீர்கள். அண்ணன்மார்கள் எல்லோரும் தப்பிக்கும் வாசல் அது. அவளிடமிருந்து போனது படிப்பு. படிப்பாகத்தான் திரும்ப வர வேண்டும்.

நாள்கணக்கு உங்களுக்குச் சாதகமாகவே இருக்கிறது. உங்கள் இரண்டு வருடம் முடிந்து வேலையில் அமரும் நேரத்துக்கு அவள் பட்டம் முடியும். அவளுக்கு மேற்படிப்பு கோவையிலா, சென்னையிலா, நீங்கள் இருக்கும் நாட்டிலேயா என்பது அவள் எடுக்க வேண்டிய முடிவு. ஜெர்மனி என்றால், வழி தெரிந்த ஒருவர் வீட்டிலேயே இருக்கிறார்: இந்தியப் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழுக்கு 18,000 ரூபாய் கட்டியவர், பல்கலைக்கழக விண்ணப்பங்களை வாங்கிப் பரிசீலிக்கும் யூனி-அசிஸ்டில் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோவும் அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோவும் கட்டியவர், எந்தத் தாளில் முத்திரை இல்லாமல் திருப்பி அனுப்புவார்கள் என்று பட்டுத் தெரிந்துகொண்டவர். உங்கள் ப்ராக் பயணத்தின் 180 யூரோ ஏறக்குறைய ஒரு ஏ.பி.எஸ். கட்டணம். ப்ராகுக்குப் போயிருக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்த 180 எங்கே போகிறது என்று கேட்கிறேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை எங்கும் போகாதீர்கள். ஜெர்மனியில் அன்று கடைகளும் திறந்திருக்காது, கவனம் சிதறாது. ஊரில் அவள் சாப்பிட்டுவிட்டு ஓய்வாக இருக்கும் நேரம் பார்த்து அவளுடைய போனுக்கே அழையுங்கள். அம்மாவின் போனில் பேசிவிட்டு ‘அவளிடம் கொடுங்கள்’ என்று கடைசி இரண்டு நிமிடம் ஒதுக்க வேண்டாம். ஓடுகிற பஸ்ஸிலிருந்தும் வேண்டாம். அன்றைக்கு எந்தப் படிப்பை விட்டாய், இப்போதும் அது வேண்டுமா என்று கேளுங்கள். ‘அதெல்லாம் ஒன்றுமில்லை அண்ணா’ என்றுதான் முதலில் சொல்வாள். அதோடு திருப்திப்பட்டுப் போனை வைத்துவிட்டால் நீங்கள் கேட்டதற்கே அர்த்தமில்லை. இரண்டாம் முறை கேளுங்கள், மூன்றாம் முறையும் கேளுங்கள். அழுதால் அழட்டும், நடுவில் சமாதானம் சொல்லாதீர்கள். ‘உனக்காகத்தான் நான் இங்கே கஷ்டப்படுகிறேன்’ என்ற வசனத்தைத் தயவுசெய்து எடுக்க வேண்டாம். ஆம்ஸ்டர்டாம் படத்தைப் பார்த்தவளிடம் அது செல்லாது.

அவள் என்ன சொல்கிறாளோ, அதற்கு ஒரு தொகை வைத்து, கிடங்குச் சம்பளம் வந்த அன்றே தனியாக எடுத்து வையுங்கள். மாதம் நூறு யூரோ என்றாலும் சரி. மிச்சத்தில் ஊர் பாருங்கள். பயணங்கள் குறையும். போகிற ஊரில் இரண்டு நாள் நிதானமாகத் தங்கலாம்.

படிப்பைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை, நானும் நீட்டவில்லை. ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் ஒரு தேர்வைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டே இருக்க முடியாது. பெரும்பாலும் மூன்று வாய்ப்புத்தான். கட்டாயப் பாடத்தில் கடைசி வாய்ப்பும் போனால் பட்டத்துக்கே வேட்டு. வெள்ளிக்கிழமை இரவுகளைக் கணக்கிடும்போது இதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

அப்பாவுக்கு எப்படிப் புரியவைப்பது என்று கேட்டீர்கள். புரியவைக்க வேண்டாம். தங்கையோடு பேசிய பிறகு, ‘அவள் மேற்படிப்பை நான் பார்த்துக்கொள்கிறேன், இந்த மாதத்திலிருந்து எடுத்துவைக்கிறேன்’ என்று ஒரு வரி சொல்லுங்கள். பாரிஸைப் பற்றி அவராகவே விசாரிக்க ஆரம்பிக்கலாம், ஆரம்பிக்காமலும் இருக்கலாம். பையனுடைய பணம் பெண்ணின் படிப்புக்கா என்று அதற்கும் ஒரு சண்டை போடுவார் என்றால், அந்தச் சண்டையில் ஒரு அடிகூடப் பின்வாங்காதீர்கள். இத்தனை மாதமாகப் பஸ் டிக்கெட்டுக்காக வாதாடிப் பழகியிருக்கிறீர்கள், அந்தப் பயிற்சி உதவும்.

பின்குறிப்பில் கேட்டதற்கு: போதாது. உங்கள் அட்டையை வைத்து மற்ற ஷெங்கன் நாடுகளில் (தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகள்) 180 நாளுக்குள் 90 நாள் வரை இருக்கலாம். பிரிட்டனும் அயர்லாந்தும் ஷெங்கனில் இல்லை. லண்டனுக்குத் தனி விசா எடுக்க வேண்டும், வங்கிக் கணக்கின் விவரம் காட்டச் சொல்வார்கள். தங்கைக்கு ஒதுக்கியதை முதலில் வேறு கணக்குக்கு மாற்றிவிட்டு, மீதியைக் காட்டி விண்ணப்பியுங்கள்.