1967-இல் வந்த 'கேசினோ ராயல்' படத்தின் கதை ஏன் தலைகால் புரியாமல் இருக்கிறது?

கோளாறு படம் எடுத்த விதத்திலேயே இருக்கிறது. மூலக்கதையான ஜேம்ஸ் பாண்ட் உளவாளி நாவலின் பட உரிமை, மற்ற பாண்ட் படங்களை எடுத்தவர்களிடம் இல்லாமல், தயாரிப்பாளர் சார்லஸ் ஃபெல்ட்மனிடம் தனியாக இருந்தது. அந்தப் படங்களில் பாண்டாக நடித்துவந்த ஷான் கானரி இதற்கு அமையவில்லை; சரி, கேலிப் படமாகவே எடுத்துவிடுவோம் என்று இறங்கினார். பெயர் போட்ட இயக்குநர்களே ஐந்து பேர்!

இதில் நடித்த பீட்டர் செல்லர்ஸுக்கும் ஆர்சன் வெல்ஸுக்கும் ஆகவே ஆகாது. சீட்டாட்டக் காட்சியைக் கவனியுங்கள்: ஒரே மேசைதான், ஆனால் பெரும்பாலும் தனித்தனியாக எடுத்து ஒட்டியது. அப்புறம் செல்லர்ஸ் பாதியிலேயே கிளம்பிவிட்டார். ஓட்டையை அடைக்க இன்னொரு நடிகரான டேவிட் நிவென் பகுதியை நீட்டினார்கள். எதிரியைக் குழப்ப எல்லா உளவாளிகளுக்கும் ஜேம்ஸ் பாண்ட் என்றே பெயர், குழம்புவதென்னவோ நாம்தான்.

எனக்குப் பிடித்தது உடி ஆலன் வரும் இடங்கள். பெண்களையெல்லாம் அழகிகளாக்கி, நான்கரை அடிக்கு மேல் உயரமான ஆண்களை ஒழிக்கும் கிருமிதான் அவருடைய சதித்திட்டம்.